டீசல் ஃபில்டரை நீங்களே மாற்றலாம்: எதுவரை கை வைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

லோடு ஏற்றிய பிக்கப் மேட்டில் இழுக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடறி இடறி நிற்கிறது. இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் முதலில் சந்தேகிப்பது டீசல் ஃபில்டரைத்தான். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் என்று ஒற்றை வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு, வண்டி ஒரு நாள் சர்வீஸில் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். டியூ கட்டும் தேதியோ நகராது. அதனால் பலர் ஃபில்டரை வாங்கிவந்து வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுகிறார்கள்.

இதில் தவறேதும் இல்லை. சரியாகச் செய்தால் பணமும் நேரமும் மிச்சம். ஆனால் இந்த வேலையில் தாண்டக்கூடாத எல்லை ஒன்று எஞ்சினில் இருக்கிறது. விட்டுக்கொடுக்கக்கூடாத உரிமைகள் சட்டத்தில் இருக்கின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டு ஸ்பேனரை எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஃபில்டர் என்ன செய்கிறது?

இன்றைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை காமன் ரெயில் வகை. டேங்கிலிருந்து வரும் டீசல் ஃபில்டரைக் கடந்து உயர் அழுத்தப் பம்புக்குப் போகிறது. அந்தப் பம்ப் அதை 1,600 பார், சில எஞ்சின்களில் அதற்கும் மேலான அழுத்தத்துக்கு ஏற்றி இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால், கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே என்ன செய்யும் என்று புரியும்.

தண்ணீர் இன்னொரு எதிரி. உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் எரிபொருள், டீசல்தான் மசகும்கூட. தண்ணீர் கலந்தால் மசகு கெடுகிறது, உலோகம் துருப்பிடிக்கிறது, உரசல் கூடுகிறது. அதனால்தான் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்க ஓர் இடமும், அதை வடிக்க ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் தண்ணீரைப் பிரிக்கும் முன் ஃபில்டர் ஒன்று, மெயின் ஃபில்டர் ஒன்று என இரண்டு இருக்கும். மீட்டரில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அந்த ட்ரிப் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஓரங்கட்டி வடித்துவிட வேண்டும். சில நூறு ரூபாய் ஃபில்டரைத் தள்ளிப்போட்டால் பம்பும் இன்ஜெக்டரும் பல ஆயிரங்களில் செலவு வைக்கும்.

எல்லை எங்கே?

டேங்கிலிருந்து உயர் அழுத்தப் பம்பு வரை உள்ள பகுதி குறைந்த அழுத்தப் பகுதி. ஃபில்டர் இருப்பது இங்கேதான். இது நீங்கள் கை வைக்கக்கூடிய இடம். பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போகும் இரும்புக் குழாய்கள் உயர் அழுத்தப் பகுதி. வீட்டு வாசலில் வைத்து அங்கே ஸ்பேனர் போடவே கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், பழைய பழக்கம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஏர் பிடித்துவிட்டால், இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, காற்றை வெளியேற்றுவார்கள். அந்த அனுபவத்தில் காமன் ரெயில் வண்டியிலும் அதையே செய்யப் போகிறவர்கள் உண்டு. இந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல், சிரிஞ்சு ஊசியைப் போலத் தோலைத் துளைத்து உள்ளே பாயும்.

அந்தக் காயம் ஆளை ஏமாற்றும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். தொடக்கத்தில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே டீசல் தசைக்கும் நரம்புக்கும் நடுவே பரவி, திசுக்களை அழுகச் செய்யும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பவும் கூடாது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்திருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறையே இருக்கிறது.

கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. எஞ்சின் ஓடும்போது ஓர் அட்டைத் துண்டைத் தள்ளி நின்று காட்டிப் பாருங்கள். கசிவு இருந்தால் அட்டை நனையும்.

மாற்றும் முறை

வண்டியோடு வந்த கையேட்டில் உங்கள் மாடலுக்கான முறை இருக்கும். அதுவே முதல் வழிகாட்டி. எல்லா வண்டிக்கும் பொருந்தும் பொதுவான படிகள் இவை:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அடியில் படுத்து வேலை செய்ய வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

2. எஞ்சின் முழுதாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். வாசலில் காற்றோட்டம் வேண்டும்; பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் கூடாது. டீசல் பெட்ரோல்போல் சட்டென்று பற்றாது என்பது உண்மை. ஆனால் இந்தியத் தர நிர்ணயம் டீசலுக்கு விதித்துள்ள குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர் வெயிலே அதைத் தாண்டும். சூடான எஞ்சினைச் சொல்லவே வேண்டாம்.

3. கழற்றும் முன் ஃபில்டரின் வெளிப்புறத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் மண் திறந்த குழாய்க்குள் விழுந்தால், புது ஃபில்டர் போட்டதற்கே பொருளில்லை. பனியன் வேஸ்டை வெளியே துடைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதன் நூல் உள்ளே போனால் அதுவும் அடைப்புதான்.

4. கீழே ஒரு தட்டு வைத்து, வடிதிருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். சென்சார் ஒயரையும் குழாய் கிளிப்புகளையும் பலவந்தமாக இழுக்காமல் கழற்றுங்கள். எந்தக் குழாய் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் போடாதீர்கள். வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்தில் விழுந்தால் நேராகப் பம்புக்குப் போகும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதில் கொஞ்சம் சுத்தமான டீசல் தடவி, ஃபில்டர் உடலில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

6. காற்றை வெளியேற்ற, ஃபில்டர் மேலிருக்கும் கை பம்பைக் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். மின்சாரப் பம்ப் உள்ள வண்டிகளில் சாவியை ஆன் நிலையில் சில நொடி வைத்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். அதன் பிறகே செல்ஃப். தொடர்ந்து செல்ஃப் அடித்தால் டீசல் இல்லாமல் பம்ப் வறண்டு ஓடும். சில முயற்சிக்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: டேங்கிலிருந்து டீசல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு வாய் டீசல் நுரையீரலுக்குள் போனாலே கடுமையான நிமோனியா வரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தியின்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் போகலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வேலை முழுவதும் நைட்ரைல் கையுறை போடுங்கள். சிந்திய டீசல்மேல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள். பழைய ஃபில்டரையும் வடித்த டீசலையும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். கிணற்று நீர் குடிக்கும் ஊர்களில் இது அண்டை வீட்டாருக்கும் நாம் செய்யும் கடமை.

"வெளியில் கை வைத்தால் வாரண்டி போச்சு" என்றால்?

சொந்த வண்டியின் ஃபில்டரை மாற்றுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை. அதே அளவு, அதே தரத்தில் ஃபில்டர் போடுவது பராமரிப்பு, மாற்றியமைப்பு அல்ல.

வாரண்டி பற்றி ஒரு முக்கியமான முன்னுதாரணம் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த ஆணை கார்கள் தொடர்பானது, மேல்முறையீடுகளுக்கும் போனது. ஆனாலும் அது கேட்கும் கேள்வி நியாயமானது: நான் மாற்றிய ஃபில்டருக்கும் பழுதான இந்தப் பாகத்துக்கும் என்ன தொடர்பு? வாரண்டி மறுக்கப்பட்டால் இதைக் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு என் பரிந்துரை வேறு: அந்தக் காலம் முடியும் வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸிலேயே மாற்றி, சர்வீஸ் புக்கில் பதிவு செய்யுங்கள். உரிமை இருந்தாலும், அதை நிரூபிக்க அலைய நேரமில்லாதவர்களுக்கு இதுவே நல்லது.

போலி ஃபில்டரும் கலப்பட டீசலும்

ஃபில்டர் வாங்கும்போது பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய தொடர்பு விவரம் இருக்கின்றனவா பாருங்கள். பில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. போலியை அசல் என்று விற்பது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

பங்கிலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. அளவில் சந்தேகம் வந்தால், எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவியில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம். டீசல் போட்ட கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றால், ஃபில்டரிலிருந்து வடித்ததைத் தெளிவான பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். படமெடுத்து, பங்க் பில்லோடு அதையும் மூடிப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே முறையிடுவது?

முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதுவும் தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இங்கேதான் பல வண்டிக்காரர்களைப் பயமுறுத்தி அனுப்பிவிடுகிறார்கள்: "லோடு வண்டி வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று. இது முழு உண்மை அல்ல. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்குகிறது. லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு லாரி வாங்குபவரையே உதாரணம் காட்டி இதைத் தெளிவாக்கியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போகாது. பல வண்டிகள் வைத்து ஆள் போட்டு ஓட்டுபவர்களுக்குத்தான் இது பொருந்தாது.

நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். பொருளில் குறை என்று நீங்கள் சொன்னால், அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு அந்தப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பில்லை அதிலேயே ஒட்டுங்கள். வண்டி சந்தேகம் கொடுத்திருந்தால், கழற்றிய ஃபில்டரை மூடிக் கட்டி, பிரச்சினை தீரும் வரை வீசாமல் வையுங்கள். இரும்புக் குழாய்களின் பக்கம் போகாத கையும், பில் இல்லாமல் பணம் கொடுக்காத கையும் இருந்தால், இந்த வேலையை நீங்கள் தைரியமாகச் செய்யலாம்.