பள்ளிக்கரணையில் தயாராகும் ஆழ்கடல் கலம்: மனிதன் கடலுக்கு அடியில் வாழ முடியுமா?

தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறி, கேம்ப் ரோடு, மேடவாக்கம் தாண்டினால் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தையும் டிராஃபிக்கையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் பலர், அதே சாலையில் இருக்கும் ஒரு வளாகத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதன் பெயர் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.டி. 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பப்போகும் 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்குவது இவர்கள்தான். திட்டத்தின் பெயர் சமுத்ரயான்.

விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அப்படியானால் கடலுக்கு அடியிலும் குடியிருக்கலாமா? கொஞ்ச ஆழத்தில் முடியும். ஏற்கெனவே இருந்தும் காட்டிவிட்டார்கள்.

கவிழ்த்த டம்ளர் வீடு

1962-ல் பிரான்ஸின் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ, மார்செய் நகருக்கு அருகே கடலில் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய வீட்டை இறக்கினார். அவர் குழுவைச் சேர்ந்த 2 பேர் அதில் ஒரு வாரம் தங்கினார்கள். அடுத்த ஆண்டே சூடான் அருகே செங்கடலில் ஒரு குழு ஒரு மாதம் வாழ்ந்து காட்டியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் 'அக்வாரியஸ்' என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ், 2002-ல் அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தவர்.

இந்த வீடுகளின் தத்துவத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் நேராக அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை ஏறவிடாது. அக்வாரியஸிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்துக்குச் சமமாக இருப்பதால், நுழைவு வழி திறந்தே இருந்தாலும் கடல் உள்ளே வராது.

ஆனால், நினைத்தவுடன் மேலே வந்துவிட முடியாது. அழுத்தத்தில் நீண்ட நேரம் இருந்தால் சுவாசிக்கும் வாயு உடலுக்குள் கரைந்து நிற்கும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ரத்தத்தில் குமிழ்கள் கிளம்பும். உயிரே போகலாம். அதனால், அக்வாரியஸில் நாள்கணக்கில் தங்கியவர்கள் கிளம்புவதற்கு முன் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவே சுமார் 17 மணி நேரம் ஆகிறது. வீட்டு வாசல் 19 மீட்டர் மேலே கண்ணுக்குத் தெரியும். ஆனால், போக முடியாது!

நகத்தின் மேல் ஒரு கார்

ஆழம் கூடக்கூட இந்த முறை கைகொடுக்காது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு ஏறும். 6,000 மீட்டரில் அது நிலத்தில் இருப்பதைப்போல சுமார் 600 மடங்கு. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு மாருதி 800 கார் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மனித உடலும் தாங்காது.

அதனால் மத்ஸ்யா வேறு வழியில் போகிறது. கடலின் அழுத்தத்தை உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்த, 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியக் கலவை உலோகக் கோளம். அந்தத் தடிமனை வெல்டிங் செய்ய இஸ்ரோ கைகொடுத்தது. கோளத்தின் உள் விட்டம் 2.1 மீட்டர், அதாவது ஏறக்குறைய 7 அடி. அதற்குள் 3 பேரும் கருவிகளும். ஷேர் ஆட்டோவில் போய்ப் பழகியவர்களுக்கு அந்த நெருக்கம் புரியும்.

1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் கிடையாது. செல்போன் சிக்னலும் தண்ணீருக்குள் வராது. ஒலி அலையில்தான் பேச வேண்டும். 6,000 மீட்டரிலிருந்து 'ஹலோ' சொன்னால் மேலே இருக்கும் கப்பலுக்குக் கேட்க 4 விநாடி ஆகும்.

திரும்பி வர வேண்டுமே!

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும்? மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு கலந்த உருண்டைகள் அங்கே கடல் தரையில் கிடக்கின்றன. அவற்றோடு, நாம் பார்த்தே இராத உயிர்களும் அங்கே வாழ்கின்றன. அள்ளுவதற்கு முன், அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லதுதானே?

ஆனால், 2023 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. டைட்டானிக்கைப் பார்க்கப்போன 'டைட்டன்' கலம் நொறுங்கி 5 பேர் இறந்தார்கள். கார்பன் இழையால் செய்த அதன் உடல் தாங்கவில்லை. அந்த ஆழத்தில் சிறிய குறைக்கும் மன்னிப்பு இல்லை.

அதனால்தான் இங்கே ஒவ்வொரு படியாகப் போகிறார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யாவை ஆளில்லாமலும், ஆட்களோடும் நீரில் இறக்கிப் பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் 'நாட்டீல்' கலத்தில் அட்லாண்டிக் கடலில் என்.ஐ.ஓ.டி விஞ்ஞானி ரமேஷ் 4,025 மீட்டர், ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர் ஆழம் வரை போய் வந்தார்கள். நம்முடைய கலத்தில் இறங்குவதற்கு முன்பான அனுபவம் அது.

மத்ஸ்யாவின் வழக்கமான பயணம் 12 மணி நேரம். இறங்கவும் ஏறவுமே அதில் பெரும்பகுதி போய்விடும். ஏதாவது சிக்கலானால் உயிர்காக்க 96 மணி நேரத்துக்கான ஏற்பாடு உண்டு. 12 மணி நேர வேலைக்கு 4 நாள் மூச்சுக்காற்று!

ஆக, 10, 20 மீட்டரில் மனிதன் வாரக்கணக்கில் குடியிருக்கலாம். 6,000 மீட்டரில் இப்போதைக்கு அவன் சில மணி நேர விருந்தாளி மட்டும்தான். பள்ளிக்கரணையில் நடக்கும் வேலையில் பாதி, அந்த விருந்தாளிகள் 3 பேரையும் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காகத்தான்.