ஒரே உலையும் இரண்டு பெயர்களும்



கிறிஸ்தவ விசுவாசத்தைத் தனிமனிதரின் உள்மன விவகாரமாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. நெல்லைச் சீமையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கே விசுவாசம் முதலில் குடியிருக்க இடம் கேட்டது. விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக 1799இல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி முதலூரை அமைத்தார். புதிதாகச் சபையில் சேர்ந்தவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்கென்றே 1830இல் ரேனியஸ் தர்மசங்கத்தைத் தொடங்கினார். ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே கிணற்றில் தண்ணீரும் காட்டில் வேலையும் மறுக்கப்பட்டால், தனியாள் எத்தனை நாள் தாங்குவார்? பின்னாளில் தலித் மக்கள் தெருத் தெருவாகச் சேர்ந்ததைக் 'கூட்டத்தோடு கூட்டமாகப் போனார்கள்' என்று ஏளனம் செய்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சேர்ந்து போவதுதான் அவர்களுக்கிருந்த பாதுகாப்பு.

சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே சபையானார்களா என்பது அடுத்த கேள்வி. சபைக்குள் சாதி கூடாதென்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே விலகி நின்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுந்தது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஐக்கியத்தைக் குலைக்கிறார்கள் என்ற பழி, தனிப்பங்கு கேட்டவர்கள் மேல்தான் விழுந்தது. குலைப்பதற்கு அங்கே ஐக்கியம் எங்கே இருந்தது?

உள்ளே சாதி உடைப்பதை வெளியே சட்டம் உடைக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவருக்கு அது இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். வெட்டுப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஆகவே பள்ளிச் சான்றிதழில் மாரியப்பன், ஞானஸ்நானப் பதிவேட்டில் மோசே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர் சபைக் கணக்கில் பெயர் சேர்க்கத் தயங்குகிறார். இதை இரட்டை வேடம் என்று பிரசங்கிக்கும் போதகர்களுக்கு, அந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் கல்வி உதவித்தொகை என்ன மதிப்பு என்று தெரியாது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டதும் இந்தக் கேள்விக்காகத்தான்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, திருவிருந்தை 'ஒரே உலை' என்று விளக்கினார். ஒரே உலையில் பொங்கி உண்பவர்கள் ஒரே குடும்பம். அப்பத் துணுக்கோடு முடிந்துவிடுகிற சடங்கு அல்ல இது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்ததும் இதே இடத்தில்தான். பறையையும் கிராமிய மெட்டையும் அப்பாவு ஆராதனைக்குள் கொண்டுவந்ததை இசைப் புதுமையாக மட்டும் பார்ப்பது அவரைச் சுருக்குவதாகும்.

நம் பக்கத்துச் சபைகளில் அசனம் நடக்கிறது. கைப்பிடி அரிசி சேர்த்து, ஆடு அடித்து, ஊரே பந்தியில் உட்காருகிறது. ஒரே உலைக்கு இதைவிட நெருக்கமான வடிவம் வேறில்லை. ஆனால் அசனப் பந்தியில் நம்மோடு உட்காருகிறவர்கள் நம் தெருக் கல்யாணச் சாப்பாட்டுக்கு வருகிறார்களா? இந்த ஆண்டு அசனக் கமிட்டிப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்: சமையல் பொறுப்பு எந்தத் தெருவுக்கு, விறகு சுமப்பது எந்தத் தெருவுக்கு.