கோப்பு மாற்றத்தில் மூலமும் உரையும்

ஓலைச்சுவடிகளில் மூலமும் உரையும் வேற்றுமை தோன்றாது தொடர்ந்து ஓடும். சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இவற்றைப் பிரித்தறிவதற்கே பெரிதும் உழைத்தார். அச்சில் நிலைபெற்ற அவ்வேறுபாடு கணினிக் கோப்புகளில் மீண்டும் அழிய நேர்கின்றது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

நான்காம் தமிழ்ச்சங்கம் 1901இல் தோன்றிய மதுரையின் பெயர் தாங்கி, 1998 பொங்கலன்று தொடங்கியது 'மதுரைத் திட்டம்'. அதன் மின்னூல்கள் திஸ்கி குறியீட்டிலிருந்து பின்னர் ஒருங்குறிக்கு மாறின. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குப் புலனாகும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்றாய் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் நிற்கும். மாற்றும் செயலி இவ்வரிசையைத் திருத்திவிடும். எழுத்தைக் காத்தல் அத்துணை அரிதன்று. அமைப்பைக் காத்தலே அரிது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளை நோக்குக. ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலேயே ஆண்டுத் தமிழ் வடிவம் அமர்ந்திருக்கும். இன்ன பகுதி தமிழ் என்பதனை எழுத்துருவின் பெயர் ஒன்றே காட்டும். எழுத்துகளை மட்டும் படியெடுத்து மாற்றியில் இடின் அப்பெயர் அறுந்துபோம். அடிக்குறிப்பிலுள்ள ஆங்கில நூற்பெயரும் பொருளற்ற தமிழாய்த் திரியும். தடிப்பும் உள்தள்ளலும் உடன் மறைதலின், மேற்கோள் யாது, ஆய்வாளர் கூற்று யாது என்பது புலனாகாது. பிறர் கருத்து ஆய்வாளர் தலைமேல் ஏறும் இக்கேடு எழுத்துப்பிழையினும் கொடிது.

பாடலைத் தடித்த எழுத்தாக்குதல் வேறு; 'மூலம்' எனப் பெயரிட்ட பாணியை அதற்கு அளித்தல் வேறு. வேர்டு 2007உடன் வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் பல ஏடுகளின் கட்டாகும். பாணிகள் அதனுள் தனியேட்டில் இருப்ப, பத்திகள் தத்தம் பாணியைப் பெயரால் சுட்டும். 2006இல் ஐஎஸ்ஓ தரமாகிய ஓடிஎஃப் வடிவமும் பாணிப் பெயரைத் தாங்கவல்லது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கால் இடைவெளி சிறிது பிறழினும், பாணியை ஒருமுறை திருத்த நூல் முழுதும் திருந்தும்.

ஆவணம் தான் ஆளும் பாணிகளைத் தன்னுள்ளும் கொண்டிருத்தலின், வார்ப்புரு தொலைந்தும் பழைய ஆவணம் கெடாது. புதியது தொடங்குவார்க்கே இழப்பு. மற்றொன்று: லிப்ரே ஆபிசில் தமிழெழுத்தின் உருவும் அளவும் மேனாட்டெழுத்துக்குரியவற்றினின்று தனியே குறிக்கப்பெறும். அதனை நோக்காதார், வார்ப்புரு சிதைந்ததென மயங்கி ஒவ்வொரு பத்தியையும் கையால் திருத்தத் தொடங்குவர். பாணியின் பயன் அத்துடன் ஒழியும். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றுவார், முதற்கண் மூலம், உரை, மேற்கோள், அடிக்குறிப்பு எனப் பாணிப்பெயர் இட்டு, பின்னரே எழுத்தை மாற்றுதல் வேண்டும்.