பொதுக் கிணறும் பொது நினைவகமும்

ஒருவனுக்கே உரிய பொருளைக் கணக்கிடுதல் எளிது. பலர்க்கும் பொதுவாகிய பொருளைக் கணக்கிடுதல் அரிது. தனியுடைமையில் உடையவனை எண்ணினும் உடைமையை எண்ணினும் தொகை ஒன்றே. பொதுவுடைமையிலோ அவ்விரண்டும் வேறுபடும். இவ்விடர்ப்பாடு நாம் நாடோறும் கையாளும் கைப்பேசியினுள்ளும் நிகழ்கின்றது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தீர்க்க அறிஞர் கண்ட வழி யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறி நூல் பயிலாத நண்பர்க்கும் விளங்குமாறு, ஊர்ப்புறத்து வழக்கொன்றை முதற்கண் எடுத்துக்கொள்வாம்.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதியை அடுத்துள்ளது தம்மம்பட்டி. அந்நதி ஆண்டு முழுதும் பாய்வதன்று. ஆதலின் அப்பகுதி உழவர் கிணற்றையே பெரிதும் நம்பி வாழ்வர். தந்தை வெட்டிய கிணறு மக்கள் நால்வர்க்குப் பங்காகுங்கால், நிலம் நான்காகப் பிரியும், கிணறு பிரியாது. நால்வரும் முறை வைத்து நீர் இறைப்பர். கணக்கெடுப்பான் ஒருவன் வீடுதோறும் சென்று, "உமக்குக் கிணறு உண்டோ?" என வினவுவானாயின், நால்வரும் "உண்டு" என்பர், ஏட்டில் நான்கு கிணறுகள் ஏறிவிடும். அங்ஙனமின்றி, கிணறு எவன் நிலத்தில் உள்ளதோ அவன் பெயரிலேயே முழுதும் எழுதுவானாயின், ஏனை மூவரும் நீரற்றவராகத் தோன்றுவர். முன்னதில் ஊரின் நீர்வளம் பொய்யாகப் பெருகும்; பின்னதில் ஒருவன்மேற் பழியெல்லாம் ஏறும். இவ்விரு பிழைகளையும் உள்ளத்திற் கொள்க.

நிற்க. கைப்பேசியில் ஒரு காட்சியைப் படமெடுக்கின்றோம் எனக் கொள்வோம். ஒளிப்படக்கருவி காட்சியை வாங்குகின்றது. வரைகலைப் பொறி அதனைத் திருத்துகின்றது. திரை அதனைக் காட்டுகின்றது. பிறிதொரு கருவி அதனைச் சுருக்கி வீடியோவாக்குகின்றது. இக்கருவிகள் யாவும் ஒரே படத்தையே கையாளுகின்றன. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய படமொன்றில், புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 82,94,400 பைட்டுகள் வேண்டும். அஃதாவது ஏறத்தாழ 8 மெகாபைட்டு. ஒன்று திரையில் நிற்க, ஒன்று வரையப்பட, ஒன்று காத்திருக்க, மூன்று படங்கள் சுழலுமாயின் ஏறத்தாழ 24 மெகாபைட்டாகும். இதனை ஒவ்வொரு கருவிக்கும் படியெடுத்துக் கொடுப்பின் காலமும் வீண், மின்கலமும் வீண், நினைவகமும் வீண்.

ஆதலின், படத்தை ஓரிடத்தில் வைத்து அவ்விடத்தையே எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் முறை எழுந்தது. அவ்வாறு வைக்கும் நினைவகத் துண்டினைப் பஃபர் என்பர். மையச் செயலி ஒவ்வொரு பைட்டையும் சுமந்து கொடாமல், கருவி தானே நினைவகத்தை நேரே அணுகுதல் டிஎம்ஏ எனப்படும். இவ்விரண்டையும் இணைத்து, பகிர்வுக்குரிய பொதுவிதியாக லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் அமைந்ததே டிஎம்ஏ-பஃப் என்னும் ஏற்பாடு. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிட்டளிக்கும் ஊர்க் கணக்கர் போல்வது. இவ்வேற்பாட்டினை எழுதி அமைத்தவர் சுமித் செம்வால் என்னும் இந்தியப் பொறியாளர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாம். 2012ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 3.3 பதிப்பில் இது சேர்ந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்ஸ் கெர்னலே.

பகிர்வு இங்ஙனம் அமைந்தது, கணக்கோ அமையவில்லை. அதன் காரணம் யாதெனின், கெர்னல் ஒவ்வொரு செயலியின் நினைவகத்தையும் அளக்குங்கால், அச்செயலி தன் முகவரிப் பரப்பில் இணைத்துக்கொண்ட பக்கங்களையே எண்ணும். டிஎம்ஏ-பஃப் பகிர்விலோ, செயலியின் கையில் இருப்பது பஃபரைச் சுட்டும் ஓர் எண் மட்டுமே. நினைவகத்தைத் தன் பரப்பில் இணைக்காமலே அவ்வெண்ணைப் பிறிதொரு செயலிக்குக் கொடுத்துவிடலாம். இணைத்த விடத்தும், அத்தகைய இணைப்புக்கள் பெரும்பாலும் வழக்கமான கணக்கில் ஏறுவதில்லை. நீர் இறைத்த பின்னரும் அடங்கலில் கிணறே இல்லாதது போன்ற நிலை இது.

சுட்டெண்களைக் கொண்டு கணக்கிடலாமே எனின், அங்கே முன்னர்க் கூறிய நான்கு கிணற்றுப் பிழை வந்து சேரும். 24 மெகாபைட்டினை மூன்று செயலிகள் சுட்டுமாயின் தொகை 72 ஆகும். படைத்த செயலியின் பெயரிலேயே எழுதலாமே எனின், ஆண்ட்ராய்டில் பிறர் பொருட்டுப் பஃபர் ஒதுக்கித் தருவதற்கெனவே தனிச் சேவை ஒன்று உளது. தனக்கென ஒன்றும் வேண்டாத அச்சேவையின் தலையிலேயே எல்லாப் பாரமும் ஏறும். இது கிணறிருக்கும் நிலத்தான் கதை.

இப்பிழையால் வருந்துவார் யாவர்? நினைவகம் நெருக்கடியுறுங்கால், ஆண்ட்ராய்டில் எல்எம்கேடி என்னும் காவற்செயலி, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளுட் சிலவற்றை முடித்துவிடும். செயலியின் முக்கியத்துவத்தை அது முதலில் நோக்கும். ஒத்த தரத்தினவற்றுள் மிகுதியாக நினைவகம் கொண்டதைத் தேர்வதும் உண்டு. கணக்குப் பிழையாயின் தண்டனையும் பிழையாம். 12 ஜிகாபைட்டு உடைய விலையுயர்ந்த கைப்பேசியில் இது தோன்றாது. 2 ஜிகாபைட்டு கைப்பேசியிலே பாடங் கேட்கும் மாணவனுக்கும், பணம் செலுத்தும் சிறு வணிகனுக்குமே இதன் துன்பம் தெரியும்.

இனி, தீர்வு வந்த வழியைக் காண்போம். பொதுப் பக்கங்களைப் பகிர்வோர் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கொரு பங்காக எழுதும் முறை 2008ஆம் ஆண்டின் 2.6.25 பதிப்பிலேயே வந்தது. நால்வரும் தத்தமக்குக் 'கால் கிணறு' என்று எழுதினால் தொகை ஒன்றாகும். எனினும் ஒருவன் விலகின் ஏனையோர் பங்கு, அவர் ஒன்றுஞ் செய்யாமலே, மூன்றிலொன்றாக உயரும். அன்றியும், முன்னர்க் கூறிய பஃபர்களுக்கு இம்முறை பெரும்பாலும் எட்டவில்லை.

திருப்பம் 2019ஆம் ஆண்டின் 5.3 பதிப்பில் நேர்ந்தது. அதற்கு முன் எல்லாப் பஃபர்களும் பெயரற்ற ஒரே அடையாளத்தின்கீழ் இருந்தன. இரு செயலிகளின் கையிலுள்ளவை ஒரே பஃபரோ வேறோ என்று வெளியிலிருந்து அறிதல் இயலாது. 5.3 பதிப்பு முதலாக ஒவ்வொரு பஃபருக்கும் தனித்தனி ஐநோடு எண் கிடைத்தது. நிலத்திற்குப் புல எண் போன்றது இஃது. புல எண் ஒன்றாயின் கிணறும் ஒன்றே. எத்தனை பேர் சொன்னாலும் ஒருமுறை எண்ணினாற் போதும்.

பின்னர் 2021இல், கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் ஹ்ருத்யா வல்சராஜு என்பார், ஒவ்வொரு பஃபரின் அளவையும் அதனை அளித்தது எது என்பதையும் ஐநோடு எண்வாரியாகக் காட்டும் ஏட்டினைக் கெர்னலில் அமைத்தார். முன்னிருந்த பிழைதேடும் ஏடு, விற்பனைக்குச் செல்லும் கைப்பேசிகளுக்கு ஏற்றதன்று. இதுவோ அவற்றிலும் இயங்கவல்லது. ஆயினும் பஃபர் பிறக்குந்தோறும் ஏட்டில் புதுப்பக்கம் திறத்தல் காலத்தை விழுங்கிற்று. எனவே, முன்கூட்டி எழுதி வையாமல், கேட்டபொழுது மட்டும் பஃபர்களை வரிசையாகச் சென்று எண்ணித் தரும் பிபிஎஃப் முறை 2025ஆம் ஆண்டில் 6.16 பதிப்பில் வந்தது.

மொத்தம் எவ்வளவு என்னும் வினா இங்ஙனம் தீர்ந்தது. யார் பொறுப்பு என்னும் வினா அத்துணை எளிதில் தீர்வதன்று. பகிர்வோருள் ஒருவனை நீக்கினும் கிணறு தூர்ந்துவிடாதவாறு போல, ஒரு செயலியை முடித்தாலும், பஃபரைப் பற்றியிருக்கும் கடைசிச் செயலி விடும் வரையில் நினைவகம் திரும்பாது. ஆதலின் பெரும்பங்கு உடையவன் எவன் என்பதை அறிந்த மாத்திரத்தில் எவனை நீக்கினால் பயன் உண்டு என்பது விளங்கிவிடாது. பஃபரையும் அதனைப் பற்றியிருப்போர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தாலன்றி நேர்மையான முடிவு கிட்டாது.

பொதுப்பொருளின் கணக்கை உடையவரிடமிருந்து தொடங்காமல் பொருளிடமிருந்தே தொடங்கவேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் சாரம். பொருளுக்கு ஓர் எண் கொடுத்து, ஒருமுறை எண்ணி, பின்னர் அதனருகே பங்காளிகளின் பெயரை வரிசையாக எழுதுக. கிணற்றுக்கு மட்டுமன்று, ஊரில் பொதுவாக உள்ள எதற்கும் இவ்வாறு எழுதிய ஏடே குற்றமில்லாதான்மேல் பழி ஏறாமற் காப்பதாம்.