படிக்கல்லும் முத்திரையும்

வெள்ளவத்தையில், பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் மதகுரு ஒருவரின் மகனாக 1898இல் பிறந்து, கொழும்பில் தாவரவியல் படிப்பித்தவர். கடவுள் இல்லையென்று ஊரறியச் சொன்னவர். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். 1978இல் இறந்தபோது கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவர்களுக்கு, எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார்.

கடவுள் இல்லாமல் அறம் உண்டா என்று பேச்சு வந்தால் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறோம். கடவுளுக்குப் பயப்படாதவன் எப்படி நேர்மையாக இருப்பான் என்பார் ஒருவர். கோவூர் இருந்தாரே என்பார் மற்றவர். இருவரும் கதைப்பது மனிதரின் நடத்தையைப் பற்றி. அதற்கு விடை சுலபம்: கோவூரும், படைத்தவன் என ஒருவரை நம்பாமலே பஞ்சசீலம் காக்கும் நம் பௌத்த அயலவரும் போதும். கடினமான கேள்வி இன்னும் தொடப்படவே இல்லை.

சந்தையில் மரக்கறிக்காரர் தராசில் வைக்கும் படிக்கல்லைப் பாருங்கள். அதில் அரசாங்க முத்திரை இருக்கும். முத்திரை குத்தியதால் அது ஒரு கிலோ ஆனதா, ஒரு கிலோ இருந்ததால் முத்திரை விழுந்ததா? ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய உரையாடலில் சோக்ரடீஸ் கேட்பதும் இந்த வகைக் கேள்விதான். கடவுள் கட்டளையிட்டதால் ஒன்று நல்லதா, நல்லது என்பதால் கட்டளையிட்டாரா? முதலாவது என்றால், நாளை கொலையைக் கட்டளையிட்டால் கொலையும் அறமாகிவிடும். இரண்டாவது என்றால், கடவுளே பார்த்து நடக்கும் ஓர் அளவு அவருக்கு வெளியே இருக்கிறது.

பக்தருக்கும் நல்ல பதில் உண்டு. நன்மை கடவுளின் உத்தரவும் இல்லை, அவருக்கு வெளியே நிற்பதும் இல்லை, அவருடைய இயல்பே அது என்றார் தோமஸ் அக்குவைனாஸ். திருமூலரும் அன்பையும் சிவத்தையும் இரண்டாகப் பிரிக்கவில்லை. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஒன்றை யோசிப்போம். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் சைவரும் பௌத்தரும்கூட மெழுகுதிரி ஏற்றுவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கடவுளின் பெயராலேயே அங்கு குண்டு வெடித்தது. இது கடவுள் சொன்னதாக இருக்கவே முடியாது என்று முஸ்லிம்கள் உட்பட எல்லா மதத்தவரும் சொன்னோம். அப்படிச் சொல்ல யாரும் வேதத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எது கடவுளின் சொல்லாக இருக்க முடியும் என்று நிறுத்துப் பார்க்கும் படிக்கல் நம் கையில் முன்பே இருந்தது. முத்திரைக்கு முந்தியது எடை என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்தக் கல்லைக் கையில் தந்தவரே கடவுள் என்று பக்தர் சொல்லலாம். அறிவது வேறு, அறியப்படுவதன் வேர் வேறு என்பதால் அந்த வாதம் அடிபடாது. கோவூரின் பக்கத்திலும் ஒரு கடன் நிற்கிறது. கலமும் அணுவும் மட்டுமே உள்ள உலகில், கண்ணைக் கொடுப்பது ஒருவரின் விருப்பம் என்பது விளங்குகிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் பக்கத்தார் இன்னும் விளக்க வேண்டும்.