220 கிலோ தோலும் தொலியும்: ஒரு வருடக் கணக்கு

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவுக் கழிவு சேர்கிறது. காய்த்தோல், எலும்பு எல்லாம் இதில் அடக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் 220 கிலோ, அதாவது நாளுக்கு 600 கிராம். இதை மாடித்தோட்டத்துக்கு உரமாக்கினால் என்ன கிடைக்கும்?

முதல் கழித்தல் தண்ணீர். காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம்தான். 220 கிலோவையும் காய்கறிக் கழிவாகவே வைத்துக் காயவைத்தால் 50 கிலோ தேறும். அதனோடு அதே அளவு, 50 கிலோ காய்ந்த சருகு வேண்டும். நாளுக்கு 140 கிராம். கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். காய்த்தோலில் தழைச்சத்து அதிகம், சருகில் கரி அதிகம்.

நான் தொடங்கிய புதிதில் சருகைப் பெரிதாக நினைக்கவில்லை. மிச்சமான சாம்பாரையும் சேர்த்தே கொட்டினேன். பத்தே நாளில் வாளியின் அடியில் கறுப்புச் சாறு தேங்கி, மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. இப்போது கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கிறேன். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் இன்னும் சருகு. குழம்பு, எண்ணெய்ப் பண்டம் எதுவும் உள்ளே போவதில்லை.

துளையிட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி மூன்று போதும். ஒன்று நிரம்ப 20 நாள், மக்க 40 நாள். சுழற்சியில் வாளி காலியாகிக்கொண்டே வரும். மக்கும்போது உலர்எடை பாதியாகும்: 100 கிலோ 50 ஆகி, ஈரத்தோடு சுமார் 80 கிலோ உரம்.

இனி விலை. உலர்எடையில் 1 சதவீதம் தழைச்சத்து என்று குறைத்தே வைத்தால், அரை கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையின் அரசு விலை 242 ரூபாய், அதில் 46 சதவீதம் தழைச்சத்து. அந்தக் கணக்கில் நம் ஒரு வருட உழைப்பின் தழைச்சத்து மதிப்பு 6 ரூபாய்!

இந்த 6 ரூபாயைப் பார்த்துவிட்டுப் பலர் வாளியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. யூரியாவுக்கு மானியம் உண்டு, மக்கு உரத்துக்கு வேறு வேலை உண்டு. செடிப்பையிலுள்ள மண் இறுகாமல், ஊற்றிய தண்ணீர் உடனே வடியாமல் பிடித்து வைப்பது அதிலுள்ள கரிமப்பொருள். யூரியா அதைச் செய்யாது. கடையில் மண்புழு உரம் கிலோ 15 ரூபாய் என்று வைத்தால் 80 கிலோ 1,200 ரூபாய். தினம் 5 நிமிடம் என்றால் வருடத்துக்கு 30 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். கூலியாகப் பார்த்தால் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் சென்னையில் மட்டும் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளில் குவித்த ஈரக்கழிவு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விட்டது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நம் வாளிக்குள் போகும் கழிவு அந்தக் குவியலில் சேராது.

முதல் வருட உரம் 12 பை நிரப்பச் சரியாகும், பைக்கு ஆறரை கிலோ. அடுத்த வருடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைக்கு 250 கிராம் மேலுரம்: 12 பைக்கு 26 தடவை, 78 கிலோ. மிச்சம் 2 கிலோ, கீழ்வீட்டு அக்காவின் கறிவேப்பிலைக்கு.