உப்புக் காற்றுக்கு ஏற்ற மடக்குக்கத்தி

கமக்காரரின் மடியிலும் மீனவரின் இடுப்பிலும் நாள் முழுவதும் இருந்து உதவும் சிறு கருவி மடக்குக்கத்தி. நம்மவர் இதனை வில்லுக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் வழங்குவர். பசளை மூடையின் தையலை அறுத்தல், கட்டுக்கயிற்றைத் துண்டித்தல், நீர்க்குழாயை வெட்டுதல், ஆட்டின் குளம்பைச் சீவுதல், ஒட்டுக்கிளையைச் செதுக்குதல், வலையின் சிக்கலை நீக்குதல் ஆகிய வேலைகள் யாவும் இச்சிறு கருவியாலேயே நடைபெறுகின்றன.

கருவி சிறிதாயினும் அதன் குறையால் விளையும் கேடு சிறிதன்று. வேலையின் நடுவே அலகு தானாக மடிந்தால் அது விழும் இடம் வேலை செய்பவரின் விரலாகும். விரல் நரம்பு அறுந்தவர் அறுவடைக் காலம் முழுவதும் கைகட்டி இருக்க நேரிடும். கழுத்துக்கயிறு இறுகித் துடிக்கும் கன்றின் அருகே நிற்பவருக்கு, கறள் பிடித்துத் திறவாத கத்தி இருந்தும் இல்லாததே. ஆகவே இதனை வாங்கும்போது எவற்றை நோக்கவேண்டும், வாங்கியபின் எவ்வாறு பேணவேண்டும் என்பவற்றை இங்கே விளக்குவோம்.

மன்னாரின் காற்றும் மண்ணும்

எல்லாப் பிரதேசங்களிலும் ஒரே கத்தி ஒரே காலம் உழைப்பதில்லை. தலைமன்னார், பேசாலை, வங்காலை, சிலாவத்துறை போன்ற கரையோர ஊர்களில் காற்றுடன் கடலுப்பு நுண்துகளாக வந்து எப்பொருளின்மீதும் படிகின்றது. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கடக்கும்போது, படிந்த உப்பு அவ்வீரத்தைத் தானே உறிஞ்சி நீராகக் கசியும். இதனாலேயே மழையில் நனையாத கத்தியும் ஓரிரவில் கறள் பிடிக்கின்றது.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் நுண்மணலும் உடன் சேருகின்றது. மணலிலுள்ள படிகக்கல் கத்தியின் உருக்கைக் காட்டிலும் கடினமானது. அது மூட்டினுள் புகுந்தால், திறந்து மடக்கும் ஒவ்வொரு முறையும் அச்சாணியை அராவிக் குறைக்கும். கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களிலும் முருங்கன் பகுதியின் கரிய களிநிலத்திலும் வேறொரு தொல்லை உண்டு. அங்கு ஒட்டும் சேறு கத்தியின் பள்ளத்துள் இறுகிக் காய்ந்து, பூட்டு முற்றாக விழாதபடி தடுக்கும். உப்பு, மணல், களி ஆகிய இம்மூன்றையும் தாங்குவதே மன்னாருக்கு ஏற்ற கத்தி.

மூட்டே முதன்மை

கத்தி வாங்குவோர் பெரும்பாலும் அலகின் மினுக்கத்தையும் கூர்மையையும் பார்த்தே தெரிவு செய்கின்றனர். கூர் மழுங்கினால் கல்லில் தீட்டிப் பெறலாம். தளர்ந்த மூட்டைத் திருத்துதல் அரிது. ஆகையால் முதலில் நோக்கவேண்டியது அலகும் பிடியும் சேரும் மூட்டேயாகும்.

மடக்குக்கத்திகளை மூட்டின் அமைப்பைக்கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வில் மட்டும் உள்ளது. முதுகிலுள்ள வில் அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடிக்கும், ஆனால் பூட்டாது. பழம் வெட்டவும் நூல் அறுக்கவும் இது போதும். குத்தும் வேலைக்கும் அழுத்தி வெட்டும் வேலைக்கும் இது ஆகாது.

இரண்டாவது, முதுகுப்பூட்டு. பிடியின் முதுகிலுள்ள சட்டம் அலகின் அடியிலுள்ள வெட்டினுள் விழுந்து பூட்டும். இது உறுதியானது. ஆயினும் அவ்வெட்டினுள் களி நிரம்பினால் சட்டம் அரைகுறையாகவே விழும்.

மூன்றாவது, தகட்டுப்பூட்டு. பிடியினுள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். தகடு தடிப்பாக இருப்பின் நன்று. மெல்லிய தகடு காலப்போக்கில் தேய்ந்து வழுக்கும்.

நான்காவது, வளையப்பூட்டு. கழுத்திலுள்ள உலோக வளையத்தைக் கையால் திருப்பினால் அலகு மடியாது. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890 ஆம் ஆண்டில் அமைத்த கமக்காரர் கத்தி இதற்கு உதாரணம். 1955 இல் அதற்குப் பூட்டுவளையம் சேர்க்கப்பட்டது. அலகு, மரப்பிடி, அச்சாணி, கழுத்துப்பட்டை, பூட்டுவளையம் என ஐந்தே உறுப்புகளைக் கொண்ட அக்கத்தி இன்றும் அவ்வாறே செய்யப்படுகின்றது. உறுப்புகள் குறைந்தால் பழுதும் குறையும் என்பதை இதனால் அறியலாம். எனினும் மரப்பிடி மழையில் ஊறிப் பருத்தால் அலகைப் பற்றிக்கொள்ளும் என்பதை மாரிகாலத்தில் நினைவிற் கொள்ளவேண்டும்.

கடின வேலை செய்வோர் பூட்டுள்ள கத்தியையே வாங்கவேண்டும். அதிலும் பிடியின் முதுகுப்பக்கம் திறந்திருந்து, நீர் ஊற்றினால் உள்ளழுக்கு வெளியேறும் அமைப்பு நம் பகுதிக்கு மிக உகந்தது.

அலகின் உருக்கு

அலகுக்குரிய உருக்குகளைக் காபன் உருக்கு என்றும் கறையில் உருக்கு என்றும் இரண்டாக வகுக்கலாம். காபன் உருக்கு எளிதில் கூரேறும். சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். ஆனால் விரைவிற் கறள் பிடிக்கும். கறையில் உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. கத்திகளுக்குப் பயன்படுவதில் ஏறக்குறைய 13 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பது வழக்கம். இக்குரோமியம் அலகின் மேல் நுண்ணிய காப்புப் படலத்தை உண்டாக்கிக் கறளைத் தடுக்கின்றது.

இங்கிலாந்தின் செபீல்டு நகரத்தில் ஹரி பிரெயர்லி 1913 இல் இவ்வகை உருக்கை வார்த்தார். முதலில் வந்த கறையில் கத்திகள் கூர் நில்லாதவை என இகழப்பட்டன. பின்னர் தோய்ச்சல் முறைகள் திருந்தியதனால் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும் மலிவான கறையில் கத்திகள் சிலவற்றில் மென்மையான உருக்கே இன்றும் உள்ளது. ஆகவே அலகு மினுங்குகின்றது என்பதை மட்டுங் கொண்டு அதனை நல்லதென நம்பலாகாது. கறையில் உருக்கும் உப்புநீரில் நெடுநேரம் கிடந்தால் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படும்.

கரையோரத்திலும் கடலிலும் வேலை செய்வோர் கறையில் உருக்கைத் தெரிந்தெடுப்பது நன்று. மடு, நானாட்டான் போன்ற உட்பகுதிகளில் வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர், நாடோறும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கமுடையவராயின், காபன் உருக்கால் நல்ல பயன் பெறுவர்.

பித்தளைத் தகடு பொருத்திய காபன் உருக்குக் கத்தியைக் கடலோரத்தில் தவிர்க்கவேண்டும். பித்தளையும் உருக்கும் ஒன்றையொன்று தொட்ட நிலையில் உப்புநீர் பட்டால், பித்தளை நிலைத்திருக்க, உருக்கு விரைந்து அரிபடும். பார்வைக்கு அழகான கத்தி மூட்டில் முதலிற் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவும் வடிவமும்

அலகின் நீளம் 3 அங்குலமளவில் இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். நீளம் கூடக்கூட மூட்டின்மீது ஏறும் பளுவும் கூடும். முதுகுத் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இருத்தல் நன்று. நுனிவரை ஒரே சீராகக் குறைந்து செல்லும் அலகு எளிதில் முறியாது.

மீனவருக்கு ஊசிமுனை வேண்டியதில்லை. ஆட்டுக்குளம்பு போல முதுகு வளைந்து இறங்கி, முனை மழுங்கிய அலகே உசிதமானது. ஆடும் படகில் அது வலையையும் உடலையும் குத்தாது. ஆனால் ஒன்றை இங்கு வற்புறுத்த வேண்டும். வலை இறங்கும்போது கயிறு காலைச் சுற்றினால் மடக்குக்கத்தியைத் திறக்க இரு கைகளும் நேரமும் கிடைப்பது அரிது. ஆதலின் கடலுக்குச் செல்வோர் உறையிலிட்ட மடங்காக் கத்தி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்திற் கட்டி வைத்திருக்கவேண்டும். மடக்குக்கத்தி அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

பிடி

பிடி உள்ளங்கையை நிரப்பவேண்டும், ஈரக்கையில் வழுக்கலாகாது. கண்ணாடியிழை கலந்த நைலோன் பிடி நீரில் ஊறாது, உப்பினாற் கெடாது. மரப்பிடி கைக்கு இதமானது. அதற்கு இடையிடையே எண்ணெய் ஊட்டவேண்டும். மினுக்கிய வெறும் உலோகப் பிடி மீனெண்ணெய் பட்டால் வழுக்கும். பிடியின் அடியில் கயிறு கோக்கத் துளை இருப்பின் கத்தி கடலிலோ வாய்க்காலிலோ தவறி விழாது.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

1. கத்தியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்து நோக்குக. அலகு இருபுறமும் உராயாமல் நடுவே அமையவேண்டும்.

2. திறந்து பூட்டியபின் அலகின் முதுகைப் பற்றிப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைத்துப் பார்க்குக. புதிய கத்தியில் ஆட்டம் இருந்தால் வாங்கவேண்டாம்.

3. அலகு மடியும் வழியில் விரல் இல்லாதவாறு பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துக. பூட்டு விலகினால் அக்கத்தி ஆகாது.

4. பத்து முறை திறந்து மடக்குக. ஒவ்வொரு முறையும் பூட்டு ஒரே ஓசையுடன் முற்றாக விழவேண்டும்.

5. ஈரக்கையால் திறந்து பார்க்குக. நகம் நோகாமல் திறக்கவேண்டும்.

6. மூட்டில் திருகாணி இருப்பின் அதனை இறுக்கும் கருவி ஊரிற் கிடைக்குமா என விசாரிக்குக.

செய்யத்தகாத வேலைகள்

மடக்குக்கத்தியால் தகரப்பேணி நெம்புதல், விறகு பிளத்தல், அலகின் முதுகிற் சுத்தியலால் அடித்தல், திருகாணி கழற்றுதல் ஆகியன மூட்டைக் குலைக்கும். பனம்பாளை சீவுவதற்குப் பாளைக்கத்தியும், கிளை தறிப்பதற்குக் கொல்லர் செய்த வெட்டுக்கத்தியும் உள்ளன. பழைய லொறியின் வில்லுத்தகட்டிலிருந்து அடித்துத் தோய்ச்சல் கொடுத்த கத்தி இத்தகைய கடும் வேலைகளுக்கு நெடுங்காலம் உழைக்கும். அவ்வேலையை மடக்குக்கத்தியிடம் சுமத்துதல் ஆட்டுக்கடாவை ஏரிற் பூட்டுவதை ஒக்கும்.

பேணும் முறை

கடல்நீர் பட்ட கத்தியை அன்றைக்கே நன்னீரில் திறந்து மடக்கிக் கழுவவேண்டும். பின் துடைத்து, நிழலிற் காயவைத்து, மூட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடவேண்டும். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசின்போலத் தடித்து மூட்டை இறுக்கும். தடித்த இயந்திர எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். பழம் வெட்டும் அலகில் தேங்காயெண்ணெயை மெல்லெனத் தடவலாம். ஈரமான தோலுறையினுள் கத்தியை வைத்துவிடலாகாது.

தீட்டும்போது அலகைக் கல்லின்மீது செங்குத்தாக நிறுத்துக. அச்சாய்வைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கினால் ஏறக்குறைய 22 பாகை கிடைக்கும். கடின வேலைக்கு அதுவே தக்க சாய்வு. மின்சாரச் சாணையில் உலர்வாகப் பிடித்தால் அலகு சூடேறும். விளிம்பு நீலநிறமடைந்தால் அவ்விடத்துச் சூடு ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்டியதென அறிக. தோய்ச்சல் கெட்ட அவ்விளிம்பிற் கூர் நில்லாது.

நோயுற்ற செடியை வெட்டிய அலகு நல்ல செடிக்கும் நோயைக் கடத்தக்கூடும். ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமுன் 70 சதவீத மதுசாரத்தால் அலகைத் துடைக்கவேண்டும். வெளிற்றும் தூள் கரைசல் உருக்கை அரிக்குமாதலால், அதனைப் பயன்படுத்தினால் உடனே நீரில் அலசித் துடைத்துவிடவேண்டும்.

பாதுகாப்பு

உடலுக்கு அப்பாலேயே வெட்டவேண்டும். கத்தியைப் பிறரிடம் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்கவேண்டும். வெட்டுக்காயம் பட்டால் தூய நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, துணியால் அழுத்திக் குருதியை நிறுத்தி, வைத்தியசாலைக்குச் சென்று ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேட்டறியவேண்டும். சேறும் சாணமும் பட்ட காயத்தை அற்பமென விடலாகாது. பொது இடங்களிற் கத்தி கொண்டு செல்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் உண்டு. ஆதலின் வேலைக்கென எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் வீட்டில் வைத்துவிடுவதே முறை. ஐயமிருப்பின் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கலாம்.

விலை கூடிய கத்தியெல்லாம் நல்ல கத்தியன்று; மலிந்த கத்தியெல்லாம் இலாபமுமன்று. உறுதியான மூட்டும், இடத்துக்கேற்ற உருக்கும், கழுவ எளிதான அமைப்பும் ஒருங்கே உள்ள கத்தியை வாங்கி, நாடோறும் சில நிமிடம் அதற்கெனச் செலவிடுவோருக்கு அது பல்லாண்டு உழைக்கும். அவர்தம் விரல்களும் பழுதின்றி இருக்கும்.